186.5க்கு எங்கே கிடைக்கும் அக்கா?

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த அன்று மதியமே கடைக்கு ஆள் வர ஆரம்பித்துவிடும். துறையூரில் நானும் வீட்டுக்காரரும் பிரவுசிங் சென்டரும் ஜெராக்ஸும் சேர்த்து நடத்துகிறோம். வருஷம் முழுக்க ஆதார், பட்டா, வில்லங்கச் சான்று என்று ஓடும். மே முதல் ஆகஸ்ட் வரை இன்ஜினியரிங் கவுன்சலிங்தான். அவர் ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துக்கொள்வார். கவுன்சலிங் என்று யார் வந்தாலும் என் பக்கம் கை காட்டிவிடுவார். நான் பி.இ. படித்தவள், அதனால் எனக்கு ஏதோ உள்விஷயம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை. உள்விஷயம் ஒன்றும் கிடையாது. டிஎன்இஏ என்கிற அரசு இன்ஜினியரிங் கவுன்சலிங்கின் இணையதளத்தில் எல்லாம் பிடிஎஃப்பாகக் கிடக்கிறது. உட்கார்ந்து பொறுமையாகப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்று: "அக்கா, இந்த மார்க்குக்கு எங்கே கிடைக்கும்?"

எந்த மார்க் என்று நான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேர் மொத்த மதிப்பெண்ணைச் சொல்வார்கள். ஒரு அம்மா, "565 எடுத்திருக்கான், அண்ணா யுனிவர்சிட்டி கன்ஃபார்ம்தானே?" என்று வந்தார். மார்க் ஷீட்டைப் பார்த்தேன். தமிழ் 98, ஆங்கிலம் 96, கம்ப்யூட்டர் சயின்ஸ் 100. கணக்கு 84, இயற்பியல் 92, வேதியியல் 95. கவுன்சலிங்குக்குத் தமிழும் ஆங்கிலமும் கம்ப்யூட்டர் சயின்ஸும் கணக்கில் வராது. கணக்கு மார்க் முழுசாக, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. 84, 46, 47.5, ஆக 200க்கு 177.5. இதைத்தான் கட்-ஆஃப் என்கிறோம். எல்லாவற்றிலும் நன்றாகப் படித்த பையன்தான். கணக்கில் போன ஒவ்வொரு மார்க்கும் இங்கே முழு மார்க், மற்ற இரண்டிலும் அரை மார்க். இதைப் பதினோராம் வகுப்பு சேரும்போதே யாராவது அவர்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சரி, கட்-ஆஃப் தெரிந்துவிட்டது. அதுவும் போதாது. கட்-ஆஃப் என்பது உங்கள் பிள்ளை எடுத்தது. சீட்டை முடிவு செய்வது ரேங்க். ரேங்க்கை முடிவு செய்வது மற்றவர்கள் எடுத்தது. வேதியியலில் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 2024இல் 471 பேர். 2025இல் 3,181 பேர். ஒரே வருஷத்தில் ஆறு மடங்குக்கு மேல். இயற்பியலிலும் 633 பேர் 1,125 ஆனார்கள். 200க்கு 200 கட்-ஆஃப் 2023இல் 102 பேர், 2024இல் 65 பேர், 2025இல் 144 பேர். ரேங்க் வரிசையில் சுற்று சுற்றாகத்தான் கூப்பிடுவார்கள். முதல் சுற்று 2024, 2025 இரண்டிலுமே 179 கட்-ஆஃபோடு நின்றது. ஆனால் 2024இல் அந்தக் கோட்டுக்கு மேலே 26 ஆயிரத்துச் சொச்சம் பேர், 2025இல் 39 ஆயிரத்துச் சொச்சம் பேர். மார்க் அதே 179தான், ஆனால் ரேங்க் பன்னிரண்டாயிரம் இடம் பின்னால் போய்விட்டது.

அதனால், "போன வருஷம் எங்க மாமா பொண்ணு 185க்கு வாங்கினா" என்று யாராவது ஆரம்பித்தால் நான் உடனே ரேங்க் கேட்பேன். பெரும்பாலும் தெரியாது. மார்க்கை மார்க்கோடு ஒப்பிடுவதால் வரும் ஏமாற்றம்தான் ஜூலை மாதம் என் கடையில் பாதி அழுகைக்குக் காரணம். போன வருஷம் அந்தப் பிரிவு எந்த ரேங்க்கோடு முடிந்தது, நம் ரேங்க் என்ன என்று பார்க்க வேண்டும். 2021ஆம் வருஷப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் அதை மடித்து உள்ளே வைக்கச் சொல்லிவிடுவேன். அது கொரோனா வருஷம். பரீட்சையே நடக்கவில்லை, பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு, செய்முறை மார்க்குகளை வைத்துக் கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மார்க்கை வைத்து இன்றைக்கு எதையும் அளக்க முடியாது.

ரேங்க்கிலும் இரண்டு இருக்கிறது. எல்லோரையும் சேர்த்துப் பொது ரேங்க் ஒன்று, தன் சாதிப் பிரிவுக்குள் கம்யூனிட்டி ரேங்க் ஒன்று. பொது ரேங்க்கை மட்டும் பார்த்து மயங்கி விழுந்தவர்களும் உண்டு, கம்யூனிட்டி ரேங்க்கை மட்டும் பார்த்து லட்டு வாங்கியவர்களும் உண்டு. ஒரு அரசுக் கல்லூரியில் ஒரு பிரிவில் 60 இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 69 சதவீத இட ஒதுக்கீட்டின்படி பிரித்தால் பொதுப் போட்டிக்கு 18 அல்லது 19, பிசிக்கு 16, பிசி முஸ்லிமுக்கு 2, எம்பிசிக்கு 12, எஸ்சிக்கு 9, அருந்ததியருக்கு 2, எஸ்டிக்கு 1 என்று வரும். இதற்குள்ளேதான் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீதமும் போகிறது. ரேங்க் நன்றாக இருந்தால் எந்த வகுப்புப் பிள்ளையும் பொதுப் போட்டி இடத்தில் உட்காரலாம். அது முடிந்த பிறகுதான் தன் வகுப்பு இடம்.

இந்த 60ஐ ஒரு தாளில் எழுதிக் காட்டினால் நிறையப் பேருக்கு முகம் மாறிவிடும். 60 இடம் என்று கேள்விப்பட்டு வந்தவர்களுக்கு, தங்களுக்கு அதில் எத்தனை என்று அப்போதுதான் கண்ணில் படுகிறது. தனியார் சுயநிதிக் கல்லூரி என்றால் அரசு ஒதுக்கீடே 65 சதவீதம், சிறுபான்மையினர் கல்லூரி என்றால் 50 சதவீதம். அப்போது அந்த 60ம் இல்லை. பிசி முஸ்லிமுக்கு இரண்டே இடம் என்கிறபோது போன வருஷம் முடிந்த ரேங்க் என்பது யாரோ ஒரு பிள்ளையின் ரேங்க், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை வேறு ஊருக்குப் போயிருந்தால் அந்த எண்ணே வேறாக இருந்திருக்கும். எஸ்டி பட்டியலில் இது இன்னும் அதிகம். பச்சைமலையிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு நான் போன வருஷப் பட்டியலைக் காட்டி எதையும் 'கிடைக்காது' என்று சொல்வதே இல்லை. ஆன்லைனில் வரிசைப்படுத்திக் கொடுக்கும் விருப்பப் பட்டியலில், அதாவது சாய்ஸில், எல்லாவற்றையும் போடு என்றுதான் சொல்வேன்.

இப்போது தலைப்பில் இருக்கும் 186.5. உப்பிலியபுரம் பக்கத்துப் பெண். கணக்கில் 91, இயற்பியலில் 94, வேதியியலில் 97. எம்பிசி. அப்பா மரவள்ளி போடுகிறவர். இரண்டு பேரும் காலையிலேயே வந்துவிட்டார்கள், கையில் ஒரு ரூல் போட்ட தாள். சென்னையில் ஐடியில் இருக்கும் சித்தப்பா போனில் சொல்லச் சொல்ல எழுதியது. 1, 4, 2006, 1315, 2007, 5008 என்று கல்லூரி கோடுகள். அண்ணா பல்கலையின் கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, கோவை பிஎஸ்ஜி, சென்னை எஸ்எஸ்என், கோவை சிஐடி, மதுரை தியாகராசர். இன்னும் மூன்று. ஒவ்வொன்றுக்கும் நேரே சிஎஸ்இ, அதாவது கம்ப்யூட்டர் சயின்ஸ். மொத்தம் ஒன்பது வரி.

"இது மட்டும் போதும்னு சொன்னார்ம்மா தம்பி. டாப் காலேஜ், அதுவும் கம்ப்யூட்டர் மட்டும். இல்லேன்னா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னார்."

போன வருஷப் பட்டியலைத் திறந்து ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் எம்பிசி எந்த ரேங்க்கில் முடிந்தது என்று பென்சிலில் எழுதினேன். ஒன்பதும் அந்தப் பெண்ணின் ரேங்க்குக்கு வெகு முன்னாலேயே முடிந்துபோயிருந்தன. அப்பா எண்களைப் பார்த்துவிட்டு, மகளைப் பார்க்காமல் என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "அப்போ கிண்டி கிடைக்காதாம்மா?" சித்தப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்கள். அவர் ஆபீஸில் இருந்தார் போல, அவசரமாக, "அண்ணே, கண்ட காலேஜையும் போட்டா அதுல தள்ளி விட்டுருவாங்க. ஒன்பதோட நிறுத்துங்க" என்றார். நான், "சார், ஒன்பதும் கிடைக்காமல் போனால் இந்தச் சுற்றில் ஒன்றுமே கிடைக்காது" என்றேன். "நீங்க யார் பேசறது?" என்றார். ஜெராக்ஸ் கடை என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை, அண்ணனிடம்தான் பேசினார்.

பெண் அதுவரை வாயே திறக்கவில்லை. "உனக்கு என்னம்மா படிக்கணும்?" என்று கேட்டதும், "இசிஇ" என்றாள். எலக்ட்ரானிக்ஸ். அப்பாவே திரும்பிப் பார்த்தார். அவருக்கும் அது அப்போதுதான் தெரியும் போலிருக்கிறது.

அந்த ஒன்பது வரிகளை நான் அழிக்கச் சொல்லவில்லை. இதைத்தான் இந்தப் பதிவில் அழுத்தமாகச் சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். டிஎன்இஏவில் ஆசைப்பட ஒரு பைசா செலவில்லை. கம்ப்யூட்டர் முதல் ரேங்க்கை எடுக்கும். அந்தப் பிள்ளையின் பட்டியலை மேலிருந்து பார்த்து, இடம் இருக்கிற முதல் வரியைக் கொடுக்கும். அப்புறம் இரண்டாவது ரேங்க். இப்படியே உங்கள் முறை வரும். உங்கள் முதல் வரி நிறைந்துவிட்டதா, இரண்டாவது வரிக்குப் போகும். அதுவும் நிறைந்துவிட்டதா, மூன்றாவது. மேலே உள்ள முப்பது வரியும் நிறைந்திருந்தாலும் முப்பத்தொன்றாவது வரியில் உங்களுக்கு இருக்கும் உரிமை கொஞ்சமும் குறையாது. உங்களுக்குப் பின்னால் ரேங்க் உள்ள எவரும் அதற்குள் வந்து அதை எடுத்துக்கொண்டு போக முடியாது. அதை முதல் சாய்ஸாகப் போட்டவருக்கு முன்னுரிமை என்று ஒரு பேச்சு ஊரில் சுற்றுகிறது. அப்படி எதுவும் இல்லை.

ஆகவே கிண்டி சிஎஸ்இ ஆசையா, போடுங்கள். முதல் வரியிலேயே போடுங்கள். அங்கே பொதுப் பிரிவு 199க்கு மேல்தான் முடியும் என்று தெரிந்தே போடுங்கள். நிதானம் வேண்டியது பட்டியலின் தலையில் இல்லை, காலில். எத்தனை வரி போடலாம் என்பதற்கு வரம்பே கிடையாது. இருந்தும் பதினைந்தோடு நிறுத்திவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன். கௌரவம்தான், வேறென்ன. அந்தக் கல்லூரிப் பெயரைப் பட்டியலில் எழுதினாலே மானம் போய்விடும் என்பது போல.

எனக்கென்று ஒரு கைக்கணக்கு இருக்கிறது. கம்யூனிட்டி ரேங்க் 6,000 என்றால், போன வருஷம் 4,000இல் முடிந்தது எல்லாம் ஆசைக்கு. 5,000 முதல் 8,000 வரை முடிந்தவற்றில்தான் உண்மையான போட்டி. இங்கேதான் அதிகமாகப் போட வேண்டும், இங்கேதான் வரிசையை யோசித்து வைக்க வேண்டும். 10,000, 12,000 என்று முடிந்தவை கையில் இருக்கும் சீட்டு. அதிலும் பத்துப் பதினைந்து வேண்டும். மார்க் வீங்கிய வருஷமாக இருந்தாலும் ரேங்க்கில் பார்ப்பதால் பெரிதாகப் பிசகாது. இது அரசாங்கக் கணக்கு இல்லை, என் கணக்கு.

உப்பிலியபுரம் பெண்ணின் பட்டியல் சாயங்காலத்துக்குள் எழுபது வரியைத் தாண்டியது. நடுவில் அப்பா போய் டீயும் போண்டாவும் வாங்கி வந்தார். அந்த ஒன்பதும் மேலே அப்படியே. அதன் கீழே அதே கல்லூரிகளின் இசிஇ, எலக்ட்ரிக்கலான இஇஇ. அதன் கீழே கோவை ஜிசிடி, சேலம், காரைக்குடி, திருநெல்வேலி அரசுக் கல்லூரிகள், அண்ணா பல்கலையின் திருச்சி வளாகம். அதற்கும் கீழே பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ளவை. அலாட்மென்ட் வந்தது முப்பத்துச் சொச்சமாவது வரியில், ஓர் அரசுக் கல்லூரியில், இசிஇ. சித்தப்பாவிடம் சொன்னதற்கு "ம்" என்றாராம்.

நான் கவுன்சலிங் போனது 2008இல். நுழைவுத் தேர்வை எடுத்துவிட்ட மறுவருஷம். அப்போதெல்லாம் ஆளே நேரில் கிண்டிக்குப் போக வேண்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டினால் அரசு பஸ்ஸில் பாதி டிக்கெட். ராத்திரி பஸ்ஸில் நானும் அப்பாவும் உட்கார்ந்தே போனோம். ஹாலில் பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டிருக்கும். நம் கண்முன்னே எண்கள் குறையும். உள்ளே கூப்பிட்டால் அந்த நேரத்தில் மிச்சம் இருப்பதில் ஒன்றைத் தொட வேண்டும். படபடப்புதான், ஆனால் என்ன இருக்கிறது என்று தெரிந்து எடுத்தோம். 2018இலிருந்து எல்லாம் ஆன்லைன். மிச்சம் எது என்று தெரியாமலே முன்கூட்டி எழுதிக் கொடுக்கிறோம். அதனால்தான் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும் என்று தொண்டை கிழியச் சொல்கிறேன்.

வரிசை எதற்கு முக்கியம் என்றால், 'அப்வர்டு' என்று ஒன்று இருக்கிறது. முதலில் தற்காலிக ஒதுக்கீடு வரும். இதை ஏற்றுச் சேர்கிறேன் என்று சொல்லலாம். ஏற்கிறேன், ஆனால் என் பட்டியலில் இதற்கு மேலே உள்ளது காலியானால் மாற்றிக் கொடுங்கள் என்றும் சொல்லலாம். இந்த இரண்டாவதைத்தான் அப்வர்டு என்கிறோம். பார்த்தால் நஷ்டமே இல்லாத விஷயம் மாதிரி இருக்கும். பட்டியலை மனசார வரிசைப்படுத்தியிருந்தால் நஷ்டம் இல்லைதான்.

முசிறிப் பக்கத்துப் பையன் ஒருவன், பட்டியலை வேறெங்கோ போட்டுவிட்டு அலாட்மென்ட் பார்க்க என்னிடம் வந்தான். திருச்சியிலேயே நல்ல கல்லூரியில் இசிஇ கிடைத்திருந்தது. வீட்டில் சந்தோஷம். யாரோ சொன்னார்கள் என்று அப்வர்டு கொடுத்தான். அடுத்த வாரம் அது நகர்ந்து, எங்கோ தொலைவில் ஒரு கல்லூரியில் டெக்ஸ்டைல் ஆனது. அவன் பட்டியலில் அது மேலே இருந்தது. ஏன் இருந்தது? யாரோ சொன்ன கல்லூரிப் பெயரைக் கண்டதும் அதில் உள்ள எல்லாப் பிரிவையும் மொத்தமாக மேலே தூக்கிப் போட்டிருக்கிறார்கள். மேலே போனபிறகு பழைய சீட்டு திரும்ப வராது. கம்ப்யூட்டருக்கு நீங்கள் எழுதியதுதான் உங்கள் மனசு. ஒவ்வொரு பக்கத்து வரியையும் இரண்டிரண்டாகப் பார்க்கச் சொல்வேன்: இந்த இரண்டும் ஒன்றாகக் கிடைத்தால் எதில் போய்ச் சேருவாய்? அது மேலே.

விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் கொடுக்கும் ரேண்டம் நம்பர் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் ஜூனில் அது ஒரு திருவிழாவாகவே நடக்கிறது. ஒரு அம்மா, நம்பர் 9இல் ஆரம்பித்திருக்கிறது என்று சமயபுரத்துக்கு நேர்ந்துகொண்டு வந்தார். பெரிய எண்ணுக்கு முன்னுரிமை என்பது நிஜம். ஆனால் கட்-ஆஃப் சமமாகி, கணக்கு சமமாகி, இயற்பியல் சமமாகி, நாலாவது பாடம், பன்னிரண்டாம் வகுப்பு மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி வரை எல்லாமே சமமானால்தான் அதைப் பார்ப்பார்கள். அதுவரை அதற்கு வேலையே இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. நேர்த்திக்கடன் நல்லதுதானே.

மார்க் குறைந்தவர்களுக்குத்தான் இந்த ஏமாற்றம் எல்லாம் என்று நினைக்காதீர்கள். 197.5 எடுத்த பையன் ஒருவன், 150 எடுத்தவன் முகத்தைவிட வாடிப்போய் உட்கார்ந்திருந்தான். கிண்டி சிஎஸ்இ போய்விட்டதாம். எம்ஐடியில் இசிஇ. அப்பாவும் அம்மாவும் துக்க வீட்டுக்குப் போய் வந்தவர்கள் மாதிரி பேசாமல் நின்றார்கள். கூட வந்த அப்பத்தாதான், "அது அப்துல் கலாம் படிச்ச காலேஜ்தானடா?" என்று சத்தமாகக் கேட்டது. ஆமாம், அங்கேதான் படித்தார். பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த மேல்தட்டுப் பிள்ளைகளுக்கு ஐஐடி வேறு. ஊரில் பள்ளிக்கூட வாசலில் பிளெக்ஸ் வைத்திருந்தார்கள், ஐஐடிக்கான முதல் படித் தேர்வான ஜேஇஇ மெயினில் 92 பர்சென்டைல் என்று போட்டோவோடு. 92 என்றதும் நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு மார்க் என்று ஊர் எடுத்துக்கொண்டது. 2024இல் அந்தத் தேர்வை எழுதியவர்கள் 14 லட்சத்துச் சொச்சம். 92 பர்சென்டைல் என்றால் முன்னால் எட்டு சதவீதம் பேர், ஒரு லட்சத்துக்கும் மேல். அடுத்த படி அட்வான்ஸ்டு. அந்த வருஷம் எழுதியவர்கள் 1,80,200, தகுதி பெற்றவர்கள் 48,248. 23 ஐஐடிகளிலும் சேர்த்து இடங்கள் பதினேழாயிரத்துச் சொச்சம். தகுதி பெற்றுவிட்டான் என்று பட்டாசு வெடித்த வீடுகளில் பாதிக்கும் மேல் ஐஐடி சீட் போகாது. பிளெக்ஸில் இருந்த பையன் நல்ல பையன். அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவனே வந்து, "அக்கா, அந்த போட்டோவை எடுக்கச் சொல்ல முடியுமா?" என்று கேட்டான். எல்லோரும் எந்த ஐஐடி என்று கேட்கிறார்களாம்.

கல்லூரியா, பிரிவா என்ற சண்டை என் கடையில் தினமும் நடக்கும். என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மேலே உள்ள சில ஆயிரம் ரேங்க்குக்கு எதை எடுத்தாலும் சரி. நடுவில் உள்ளவர்களுக்குக் கல்லூரிதான் முதலில். இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏஐசிடிஇ 2024இல் இட உச்சவரம்பை எடுத்துவிட்ட பிறகு சிஎஸ்இயும் ஏஐ டேட்டா சயின்ஸும் தெருவுக்குத் தெரு கிடைக்கின்றன. பாடம் நடத்த ஆள் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. அரசுக் கல்லூரியில் சிவிலோ மெக்கானிக்கலோ எட்டும் ரேங்க்கை வைத்துக்கொண்டு, பெயர் தெரியாத இடத்தில் சிஎஸ்இக்குப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குத் தாங்காது. பிள்ளைக்கு அந்தப் பாடம் அறவே பிடிக்காது என்றால் மட்டும் பேச்சை விட்டுவிடுவேன். என் வீட்டுக்காரர் இதில் எதிர்க்கட்சி. அவரிடம் கேட்டால் வேறு மாதிரி சொல்வார், கேட்டுக்கொள்ளுங்கள்.

பட்டியலின் காலில் வைக்கும் கல்லூரிகளைத்தான் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். கிண்டியைச் சுற்றிப் பார்க்கப் போகிறார்கள். சேரப்போகிற இடத்தைப் பார்ப்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர் வாரியாக வெளியிடுகிறது. சதவீதத்தை மட்டும் பார்க்காமல் எத்தனை பேர் எழுதினார்கள் என்ற பத்தியையும் பாருங்கள். அப்புறம் வேலை நாளில் பஸ் பிடித்துப் போங்கள். வாசலில் இருக்கும் டீக்கடையில் மூன்றாம் வருஷப் பிள்ளைகள் நிற்பார்கள். லேப் நடக்கிறதா, சார்கள் நடுவில் விட்டுவிட்டுப் போகிறார்களா என்று கேட்டால் ஐந்து நிமிஷத்தில் எல்லாம் வந்துவிடும்.

ரிசல்ட் அன்று சாயங்காலமே உங்களுக்குப் போன் வரும். நம்பர் எங்கிருந்து கிடைத்தது என்று கேட்காதீர்கள், யாரும் சொல்லமாட்டார்கள். "இன்னும் ரெண்டு சீட்தான் சார் இருக்கு, ஒரிஜினலைக் கொண்டுவந்து அட்வான்ஸ் போட்டுட்டுப் போங்க" என்பார்கள். மே மாதம் மேனேஜ்மென்ட் கோட்டாவில் காசு கட்டிச் சேர்ந்த அதே கல்லூரியின் அதே பிரிவு, ஆகஸ்டில் மூன்றாவது சுற்றில் அரசு ஒதுக்கீட்டில் காலியாகக் கிடப்பதை நான் திரையில் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவிலேயே ஒருவர் இப்படிக் கட்டிவிட்டு, கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்ததும் சான்றிதழைத் திருப்பிக் கேட்டார். நாலு வருஷக் கட்டணத்தையும் கட்டு என்றார்கள். ஒரிஜினலைப் பிடித்து வைக்கக் கூடாது, கடைசித் தேதிக்குள் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ விதி இருக்கிறது. அதைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நடை நடந்த பிறகு சான்றிதழ் வந்தது. அந்தப் பிரின்டுக்குக் காசு வாங்கவில்லை.

கடைக்கு வருகிறவர்களுக்கு: சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், பத்து, பதினொன்று, பன்னிரண்டு மார்க் ஷீட் எல்லாம் ஒரிஜினலாகக் கொண்டு வாருங்கள், ஸ்கேன் செய்ய. போனில் எடுத்த போட்டோவில் சீல் தெரியாது. வீட்டில் இதுவரை யாரும் பட்டம் வாங்கவில்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இப்போதே இ-சேவையில் விண்ணப்பியுங்கள். கூட்டு உறுதிமொழிப் படிவமும் சேர்த்து வேண்டும், தாலுகா ஆபீஸில் ஜூனில் கூட்டம் தாங்காது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் ஒவ்வொரு பள்ளியிலும் படித்ததற்கான சான்று கேட்பார்கள், நடுவில் பள்ளி மாறியிருந்தால் அதையும். விண்ணப்பத்தில் எந்த நம்பர் கொடுக்கிறீர்களோ அந்த போன் அலாட்மென்ட் முடியும்வரை உங்கள் கையில் இருக்க வேண்டும். போன சீசனில் ஒரு பையனின் ஓடிபி முழுக்கத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்த அப்பாவின் போனுக்குப் போய்க்கொண்டிருந்தது. அவருக்கு ஷிப்டில் போன் எடுக்க விடமாட்டார்கள். சாய்ஸ் லாக் செய்ய வேண்டிய கடைசி நாள் சாயங்காலம் ஐந்து மணி. சூப்பர்வைசர் போன் நம்பரைத் தேடிப் பிடித்து, அவர் மூலமாக ஓடிபியை வாங்கி, நாலு நிமிஷம் இருக்கும்போது லாக் ஆனது. ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு, மதியம் வரை.